வட்டப் பாதையில் இயங்கும் பொருள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்பில் வட்ட இயக்கத்தைப் படிக்கும் மாணவர்களையும், பள்ளியை விட்டு வந்த பிறகும் இந்தப் பாடத்தில் ஏதோ ஒன்று புரியாமலே நின்றுவிட்டதாக உணர்பவர்களையும் மனத்தில் கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. சூத்திரத்தில் எண்களைப் பொருத்தி விடை காணத் தெரிந்தவர்கள் பலர். "இந்தப் பொருளை மையத்தை நோக்கி இழுப்பது அல்லது தள்ளுவது எது?" என்று ஒவ்வொரு கணக்கிலும் முதலில் கேட்கப் பழகியவர்கள் குறைவு. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் குழப்பத்தில் பெரும்பகுதி தானே விலகிவிடும் என்பதால், கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் அந்தக் கேள்வியை ஒட்டியே அமைந்துள்ளன.

வேகம் மாறாமல் சுற்றும் பொருளுக்கு முடுக்கம் உண்டு என்பது எப்படி?

முடுக்கம் என்றதும் வேகம் கூடுவதே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். திசைவேகத்துக்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. இரண்டில் எது மாறினாலும் அங்கே முடுக்கம் இருக்கிறது. ரவுண்டானாவைச் சீராகச் சுற்றும் காரின் வேகமானி முள் அசையாமல் நிற்கலாம். ஆனால் வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்த கார் கால் வட்டம் சுற்றியதும் கிழக்கு நோக்கி ஓடுகிறது. வடக்கு நோக்கியிருந்த திசைவேகம் முற்றிலும் நீங்கி, கிழக்கு நோக்கிய திசைவேகம் புதிதாக வந்திருக்கிறது. விசை ஏதும் செயல்படாவிட்டால் பொருள் நேர்கோட்டில் மாறா வேகத்தில் செல்லும் என்பது நியூட்டனின் முதல் விதி. நேர்கோட்டிலிருந்து விலகிய ஒவ்வொரு கணமும் அந்தக் கார்மீது ஏதோ ஒரு விசை செயல்பட்டே ஆகவேண்டும்.

அந்த முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்திருப்பது ஏன்?

மையநோக்கு முடுக்கம் என்பது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. இதை மனப்பாடம் செய்யாமல் வருவிக்கப் பல வழிகள் இருந்தாலும், எனக்கு மிகவும் பிடித்தது பின்வரும் வழி.

பொருளின் திசைவேகத்தை ஓர் அம்புக்குறியாக வரைந்து, பொருள் எங்கே போனாலும் அம்பின் அடியை மட்டும் ஒரே புள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் ஒரு சுற்றை முடிக்கும் நேரத்தில் அம்பும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். அம்பின் முனை வரையும் வட்டத்தின் ஆரம் பொருளின் வேகத்துக்குச் சமம். பொருளின் இடம் மாறும் வீதமே வேகம் என்பதுபோல, அம்பு முனையின் இடம் மாறும் வீதமே முடுக்கம். இரண்டு வட்டங்களும் ஒரே நேரத்தில் முடிவதால், வேகம் ஆரத்தைப்போல் எத்தனை மடங்கோ, முடுக்கமும் வேகத்தைப்போல் அத்தனை மடங்கு. ஆகவே வேகத்தை வேகத்தால் பெருக்கி ஆரத்தால் வகுக்க வேண்டியதாகிறது. முடுக்கத்தின் திசையும் இதே படத்திலிருந்து கிடைத்துவிடும்: அம்பின் முனை எப்போதும் அம்புக்குச் செங்குத்தாக, பொருள் செல்லும் வட்டத்தின் உட்பக்கம் நோக்கியே நகர்கிறது.

இந்த உறவை முதலில் கண்டவர் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகென்ஸ். 1659இல் கண்டறிந்த முடிவுகளை, 1673இல் ஊசல் கடிகாரத்தைப் பற்றி வெளியிட்ட நூலின் இறுதியில் நிறுவல் இல்லாமல் சேர்த்தார். முழு ஆய்வுரை அவர் மறைந்த பின்னர் 1703இல்தான் அச்சேறியது. சுழலும் பொருள் வெளிநோக்கி விலக முனைவதாகவே அவர் சிந்தித்தார். பார்வையைத் திருப்பி, உள்நோக்கிய விசை எது என்று கேட்டு, மையநோக்கு விசை என்று அதற்குப் பெயரும் இட்டவர் 1687இல் தம் பெருநூலை வெளியிட்ட ஐசக் நியூட்டன்.

மையநோக்கு விசை என்பது தனியொரு வகை விசையா?

இல்லை. அது ஒரு பதவியின் பெயர். அந்தப் பதவியில் யார் அமர்ந்திருக்கிறார் என்பது இடத்துக்கு இடம் மாறும். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லுக்குக் கயிற்றின் இழுவிசையும், வளைவில் திரும்பும் காருக்குச் சாலை தரும் உராய்வும், நிலவுக்குப் பூமியின் ஈர்ப்பும் அந்தப் பொறுப்பை ஏற்கின்றன. விசைப்படம் வரையும்போது எடை, இழுவிசை, உராய்வு எல்லாவற்றையும் குறித்துவிட்டு, அவற்றோடு "மையநோக்கு விசை" என்று இன்னோர் அம்பையும் சேர்ப்பதே தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணப்படும் பிழை. ஏற்கெனவே வரைந்த விசைகளின் தொகுபயன் மையத்தை நோக்கி எவ்வளவு என்று கணக்கிடுவதே செய்யவேண்டிய வேலை.

மையவிலக்கு விசை உண்மையா, பொய்யா?

பேருந்து வலப்புறம் திரும்பும்போது இடப்பக்க ஜன்னலோரம் இருப்பவர் பக்கச் சுவரோடு அழுத்தப்படுகிறார். தன்னை ஏதோ வெளியே தள்ளுவதாக அவர் உணர்கிறார். சாலையோரம் நிற்பவருக்கோ காட்சி வேறு: பயணியின் உடல் நிலைமத்தால் நேராகச் செல்லப் பார்க்கிறது, பேருந்து அவருடைய பாதைக்குக் குறுக்கே திரும்பி, தன் சுவரால் அவரை வலப்புறம், அதாவது உள்நோக்கித் தள்ளுகிறது. அவருடைய தோளில் பதியும் அழுத்தம் உள்நோக்கிய அழுத்தமே.

பயணி பேருந்தையே அசையாத இடமாக வைத்துக் கணக்கிட விரும்பினால், அதற்குத் தடையில்லை. ஆனால் சுவர் தன்னை உள்நோக்கித் தள்ளியும் தான் இருக்கையிலேயே இருப்பதை விளக்க, அதே அளவுள்ள ஒரு விசை வெளிநோக்கிச் செயல்படுவதாக அவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவே மையவிலக்கு விசை. சுழலும் குறிப்பாயத்தில், அதாவது சுழலும் இடத்தையே அசையாததாகக் கொண்டு கணக்கிடுபவருக்கு அது முறையான கருவி. வளிமண்டலவியலாளர்கள் சுழலும் பூமியோடு ஒட்டிய குறிப்பாயத்தில்தான் கணக்கிடுகிறார்கள். இருந்தாலும் அந்த விசையைச் செலுத்தும் பொருள் எதுவும் இல்லை. அதற்கு எதிர்வினையும் இல்லை.

ஆகவே அதை வெறும் பொய் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஒரே கணக்கில் பாதியைச் சாலையில் நின்றும் மீதியைப் பேருந்துக்குள் அமர்ந்தும் பார்ப்பதுதான் தவறு. மையநோக்கு விசையின் எதிர்வினையே மையவிலக்கு விசை என்று சொல்வதும் தவறு: சுவர் பயணியைத் தள்ளுவதன் எதிர்வினை, பயணி சுவரைத் தள்ளுவது, அது செயல்படுவது சுவரின்மீது, பயணியின்மீது அன்று.

சுழலும் கல்லின் கயிறு அறுந்தால் கல் எந்தத் திசையில் செல்லும்?

அறுந்த கணத்தில் கல் எந்தத் திசையில் சென்றுகொண்டிருந்ததோ அதே திசையில், அதாவது தொடுகோட்டின் வழியே செல்லும். மையத்திலிருந்து நேர் வெளியே பாயாது, வளைந்தும் செல்லாது. புவியீர்ப்பு அதைக் கீழ்நோக்கி வளைப்பது தனிக் கதை. 1980இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெக்லாஸ்கியும் உடனாய்வாளர்களும், வளைந்த குழாயிலிருந்து வெளிவரும் குண்டின் பாதையை வரையுமாறு மாணவர்களிடம் கேட்டபோது, இயற்பியல் படித்தவர்கள் உட்படப் பலர் குழாய்க்கு வெளியேயும் வளைந்து செல்லும் பாதையை வரைந்தனர். வட்டமாகச் சென்ற பொருளுக்கு வட்டம் பழகிப்போயிருக்கும் என்ற உள்ளுணர்வு அவ்வளவு வலுவானது.

தினைப்புனத்தில் பரண்மீது நின்று கவண் வீசியவர்கள் இந்தத் தொடுகோட்டைக் கையாலேயே அறிந்திருந்தார்கள். 1 மீட்டர் ஆரத்தில் நொடிக்கு 3 சுற்று வீதம் கவணைச் சுழற்றுவதாகக் கொள்வோம். கல்லின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர். கயிறு அதை இழுக்கும் விசை கல்லின் எடையைப்போல் சுமார் 36 மடங்கு. ஒரு நொடியில் கல் 1080 பாகை திரும்புவதால், நொடியில் நூறில் ஒரு பங்கு தாமதமாக விட்டாலும் திசை கிட்டத்தட்ட 11 பாகை மாறி, 20 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கிலிருந்து கல் ஏறக்குறைய 4 மீட்டர் விலகிப்போகும். யானையையும் கிளியையும் விரட்டியவர்களின் விரல்கள் எவ்வளவு நுட்பமாகப் பழகியிருக்க வேண்டும் என்பதை இந்த எண்களைக் கண்ட பிறகே நான் உணர்ந்தேன்.

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் எவ்வளவு வேகம் வரை பாதுகாப்பானது?

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் இத்தகைய வளைவுகள் 70 உள்ளன. அங்கே வண்டியை உள்நோக்கித் திருப்புவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. தளம் சமமாக இருப்பதாகக் கொண்டால், உராய்வு தரக்கூடிய மிக உயர்ந்த முடுக்கம், உராய்வுக் குணகத்தையும் (டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்பதைச் சொல்லும் எண்) புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது. வளைவின் ஆரம் 15 மீட்டர், உலர்ந்த சாலையின் உராய்வுக் குணகம் 0.7 எனில், வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 36 கி.மீ. அளவில் இருக்கும். மழையில் குணகம் 0.4க்கு இறங்கினால் அது 28 கி.மீ.க்குக் கீழே வந்துவிடும். இவை விளிம்பு மதிப்புகள்; ஓட்டவேண்டிய வேகம் இதைவிடக் கணிசமாகக் குறைவு.

இந்தக் கணக்கில் வண்டியின் நிறை இடம்பெறவில்லை என்பதைக் கவனியுங்கள். நிறை இருமடங்கானால் தேவைப்படும் விசையும் இருமடங்காகிறது, கிடைக்கும் உராய்வும் இருமடங்காகிறது. "பாரவண்டி நன்றாகப் பிடித்து நிற்கும்" என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரமில்லை.

நிறைக்கு இல்லாத முக்கியத்துவம் உயரத்துக்கு உண்டு. உராய்வு தரைமட்டத்தில் செயல்படுகிறது. ஈர்ப்பு மையமோ மேலே இருக்கிறது. ஆகையால் வளைவில் வண்டி வெளிப்பக்கம் கவிழப் பார்க்கிறது. இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர் அகலமும், தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள ஒரு பேருந்து கவிழ வேண்டுமானால், பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.83 பங்கை எட்டவேண்டும். உராய்வு 0.7 பங்குக்குமேல் தராது என்பதால் அந்தப் பேருந்து கவிழ்வதற்கு முன்பே வழுக்கிவிடும். அதே பேருந்தின் கூரைமேல் மூட்டைகளை அடுக்கி ஈர்ப்பு மையம் 1.6 மீட்டருக்கு ஏறிவிட்டால், கவிழ்வதற்கு வேண்டியது 0.63 பங்கு மட்டுமே. இப்போது அது வழுக்குவதற்கு முன்பே கவிழும். வழுக்கும் வண்டியில் ஓட்டுநருக்கு ஓர் எச்சரிக்கையாவது கிடைக்கிறது. கவிழும் வண்டியில் அதுவும் இல்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டயர் தரக்கூடிய உராய்வுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் அந்த ஒரே கையிருப்பிலிருந்துதான் எடுக்கவேண்டும். வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தினால் திரும்புவதற்கான பங்கு குறைந்து, வண்டி வளைவின் வெளிப்பக்கம் நழுவும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்று ஓட்டுநர் பயிற்சியில் சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

நெடுஞ்சாலை வளைவுகளிலும் ரயில் பாதையிலும் வெளிவிளிம்பை உயர்த்துவது எதற்காக?

தளம் சாய்ந்திருந்தால், அது தன் பரப்புக்குச் செங்குத்தாக வண்டிமீது செலுத்தும் விசையின் (செங்குத்து விசையின்) ஒரு கூறு மையத்தை நோக்கித் திரும்பிக்கொள்கிறது. உராய்வை நம்பவேண்டிய அளவு குறைகிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் உராய்வே தேவைப்படாது. 1000 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அகலப்பாதை ரயில் செல்ல, வெளித் தண்டவாளம் உட்தண்டவாளத்தைவிடச் சுமார் 13 அல்லது 14 செ.மீ. உயரமாக இருந்தால், சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தைப் பக்கவாட்டில் அழுத்தவேண்டிய தேவையே இராது. நடைமுறையில் அதே பாதையில் மெதுவான சரக்கு ரயிலும் செல்வதால், இரண்டு வேகங்களுக்கும் இடைப்பட்ட ஓர் உயரத்தையே பொறியாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பைக்கில் செல்பவர் வளைவில் உட்பக்கம் சாய்வது ஏன்?

தரையின் செங்குத்து விசையும் உராய்வும் சேர்ந்த தொகுபயன், வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த ஈர்ப்பு மையத்தின் வழியே சென்றால்தான் வண்டி கவிழாது. அதற்கு ஏற்ற கோணத்தில் சாயவேண்டியுள்ளது. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் அந்தக் கோணம் ஏறத்தாழ 27 பாகை.

பொருட்காட்சியின் மரணக் கிணற்றில் செங்குத்துச் சுவரில் பைக் ஓட்டுபவர் கீழே விழாதது எப்படி?

இங்கே சுவரும் உராய்வும் தங்கள் வேலைகளை மாற்றிக்கொள்கின்றன. பைக்கை மையத்தை நோக்கித் தள்ளுவது சுவர் தன் பரப்புக்குச் செங்குத்தாகச் செலுத்தும் விசை. எடையைத் தாங்குவது உராய்வு. வேகம் கூடினால் சுவரின் தள்ளுதல் கூடுகிறது, அதனால் உராய்வின் உச்ச வரம்பும் கூடுகிறது. ஆரம் 5 மீட்டர், உராய்வுக் குணகம் 0.7 எனில் குறைந்தபட்சம் மணிக்கு 30 கி.மீ. வேகம் வேண்டும். அந்த வேகத்திலேயே ஓட்டுபவரின் உடல் உணரும் பாரம் இயல்பான எடையைப்போல் 1.7 மடங்கு, 70 கிலோ எடையுள்ளவர் 122 கிலோ இருப்பதுபோல் உணர்வார். கைகளை விரித்துக்கொண்டு ஓட்டும் அந்தக் கலைஞர்கள் இந்தப் பாரத்தையும் சுமந்துகொண்டே அதைச் செய்கிறார்கள்.

தண்ணீர் நிறைந்த வாளியைத் தலைக்குமேல் சுழற்றினால் தண்ணீர் கொட்டாதது ஏன்?

உச்சியில் தண்ணீரின்மீது செயல்படும் புவியீர்ப்பும் மையத்தை நோக்கியே இருக்கிறது. வட்டத்தில் செல்லத் தேவையான முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைவிட அதிகமாக இருந்தால், மீதியை வாளியின் அடிப்பகுதி தண்ணீரைத் தள்ளித் தருகிறது. ஆகவே தண்ணீர் வாளியை விட்டுப் பிரிவதில்லை. 90 செ.மீ. ஆரத்தில் சீராகச் சுழற்றும்போது ஒரு சுற்றுக்கு 1.9 நொடிக்குமேல் எடுத்துக்கொண்டால் நனையவேண்டியதுதான்.

வாஷிங் மெஷின் துணியிலிருந்து நீரைப் பிழிவது எப்படி?

உண்மையில் அது பிழிவதில்லை. உருளையின் சுவர் துணியை உள்நோக்கித் தள்ளி வட்டத்தில் வைத்திருக்கிறது. ஆனால் துளைகள் இருக்கும் இடத்தில் நீரைத் தள்ள எதுவும் இல்லை. இழைகளின் பிடிப்பு போதாத நீர் தொடுகோட்டில் வெளியேறிவிடுகிறது. 25 செ.மீ. ஆரமுள்ள உருளை நிமிடத்துக்கு 700 சுற்று சுழலும்போது தேவைப்படும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 137 மடங்கு. ஈரத்துணியின் இழைகள் நீரை அவ்வளவு வலுவாக இழுத்துப் பிடிப்பதில்லை.

மையநோக்கு விசை ஏன் வேலை எதுவும் செய்வதில்லை?

அது எப்போதும் இயக்கத் திசைக்குச் செங்குத்தாக இருப்பதால், திசையை மட்டும் மாற்றுகிறது. இயக்க ஆற்றலைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கி.மீ. சுற்றளவுள்ள துகள் முடுக்கியில் புரோட்டான்களை நொடிக்கு 11,000 முறைக்குமேல் சுற்றவைக்கும் 1232 வளைப்புக் காந்தங்களும் அவற்றின் ஆற்றலைக் கூட்டுவதில்லை. அதற்குத் தனி மின்புல அறைகள் உள்ளன.

நிலவும் செயற்கைக்கோள்களும் பூமியில் விழாதது ஏன்?

அவை விழுந்துகொண்டே இருக்கின்றன. நிலவு பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில், அதாவது பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தொலைவில், 27.3 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. இதிலிருந்து அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 கி.மீ. என்றும், அதன் முடுக்கம் 0.0027 மீ/வி² என்றும் கிடைக்கின்றன. அதாவது ஒரு நொடியில் நிலவு 1 கி.மீ. பக்கவாட்டில் நகரும்போது பூமியை நோக்கி 1.4 மில்லிமீட்டர் விழுகிறது. தரையருகே கைவிட்ட கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும். இரண்டுக்கும் இடையே உள்ள விகிதம் 3600, அதாவது 60இன் வர்க்கம். ஈர்ப்பு விசை தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பதற்கு நியூட்டன் காட்டிய சான்றுகளில் இது ஒன்று. பள்ளிப் பாடம் முழுவதிலும் இதைவிட அழகான கணக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

400 கி.மீ. உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு முடுக்கம் தரையில் உள்ளதில் ஏறத்தாழ 89 விழுக்காடு. ஈர்ப்பு இல்லாததால் விண்வெளி வீரர்கள் மிதக்கிறார்கள் என்பது தவறு. நிலையமும் அவர்களும் ஒரே முடுக்கத்தில் சேர்ந்து விழுவதால், தளம் அவர்களைத் தாங்கவேண்டிய அவசியம் இல்லை.

பூமி சுழல்வதால் நம் எடை குறைகிறதா?

குறைகிறது, மிகச் சிறிதளவு. நிலநடுக்கோட்டில் நிற்பவர் நொடிக்கு 465 மீட்டர் வேகத்தில் வட்டமிடுகிறார். அதற்குத் தேவையான 0.034 மீ/வி² முடுக்கத்தைப் புவியீர்ப்பு தந்துவிட்டு, மீதியே அவருடைய பாதத்தின்கீழ் எடையாகத் தெரிகிறது. 60 கிலோ காட்டும் சுருள்வில் தராசில் இது சுமார் 200 கிராம். துருவத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் அதிகம்; சுழற்சியால் பூமியின் நடுப்பகுதி புடைத்து, நிலநடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கி.மீ. கூடியிருப்பதும் அதில் சேர்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட், தரையை விட்டுக் கிளம்பும் முன்பே இந்தச் சுழற்சியால் நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தைப் பெற்றிருக்கிறது.

தொட முடியாத பொருளின் நிறையை வட்ட இயக்கத்தைக் கொண்டு அறிய முடியுமா?

முடியும், வானியலில் நிறை அறியும் வழிகளில் முதன்மையானது இதுவே. சுற்றும் பொருளின் வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் மையத்தில் உள்ள நிறை கிடைக்கும். பூமி நொடிக்கு 29.8 கி.மீ. வேகத்தில், 15 கோடி கி.மீ. தொலைவில் சூரியனைச் சுற்றுகிறது என்ற இரண்டு எண்களே சூரியனின் நிறையைச் சொல்லிவிடுகின்றன: 2க்குப் பின் 30 சுழிகள் இட்ட கிலோகிராம்.

இதே கணக்கை அமெரிக்க வானியலாளர் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டுடன் இணைந்து ஆண்ட்ரோமெடா அண்டத்தின்மீது செலுத்தி 1970இல் முடிவுகளை வெளியிட்டார். ஒளியின் பெரும்பகுதி மையத்தை ஒட்டியே இருப்பதால், நிறையும் அங்கேயே குவிந்திருந்தால், வெகுதொலைவில் சுற்றுபவை மெதுவாகச் செல்லவேண்டும். சூரியக் குடும்பத்தில் நெப்டியூன் பூமியைவிட மிக மெதுவாகச் செல்வது இதனால்தான். ஆனால் ஆண்ட்ரோமெடாவின் வெளிப்பகுதியில் வேகம் அவ்வாறு குறையவில்லை. அதன் பிறகு ஆராயப்பட்ட பல சுருள் அண்டங்களிலும் இதுவே காணப்பட்டது. அந்த விண்மீன்களை அவ்வளவு வேகத்தில் வட்டத்தில் வைத்திருக்கப் போதுமான நிறை, ஒளிரும் பொருள்களில் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் அவற்றை உள்நோக்கி இழுக்கிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அந்தக் கரும்பொருள் எத்தகைய துகள்களால் ஆனது என்பது இன்னும் கண்டறியப்படவில்லை.